பன்னிரண்டாம் தாள்

அத்தியாயம் 1

காலை ஒன்பது மணிக்குள் மூன்று பேர் மைத்துனரிடம், அவர் எத்தனை மணிக்கு இரட்சிக்கப்பட்டார் என்று கேட்டுவிட்டனர்.

ஆலய வாசலில் கேட்டவரிடம் நினைவில்லை என்றார். உள்ளே நடைபாதையில் கேட்டவரிடம், அன்றைக்குக் கடிகாரம் பழுதாகியிருந்தது என்றார். மூன்றாவதாகக் கேட்டவர் போதகர். அவரிடம் விளையாட மனம் வராமல் உள்ளதைச் சொன்னார்.

"எங்க அத்தான்கிட்ட வேலைக்குச் சேர்ந்ததிலேருந்து எனக்கு இரட்சிப்பே இல்லீங்க ஐயா."

அந்த அத்தான் பக்கத்தில் நின்றுகொண்டு, கேட்காதவரைப் போல் சுவரைப் பார்த்தார். மைத்துனருடைய அக்காவின் கணவர், துப்பறிவாளர். இருபத்தாறு ஆண்டுகள் ஆயுள் காப்பீட்டு நிறுவனம் ஒன்றில் விண்ணப்பப் படிவங்களைச் சரிபார்த்தவர். ஒரு படிவத்தின் எந்தக் கட்டத்தில் மனிதர்கள் பொய் எழுதுவார்கள் என்பது அந்த அலுவலகத்தில் எல்லோருக்கும் தெரியும். எந்தக் கட்டத்தில் பொய் எழுதக் கூசுவார்கள் என்பது அவருக்கு மட்டுமே தெரியும். ஓய்வு பெற்றபின் அந்த இரண்டாவது அறிவையே தொழிலாக்கிக்கொண்டார்.

வழக்கு எட்டு மணிக்கு அவர்களிடம் வந்திருந்தது. தையல்காரம்மாவின் கடையில், ஆணிகளில் தொங்கிய பழுப்பு நிற அளவுத்தாள்களுக்கு நடுவே, இரண்டு முக்காலிகளில் அவர்களை உட்கார வைத்து, அவர் தையல் இயந்திரத்தின்மேல் கையை ஊன்றி நின்றபடியே பேசினார். அறுபத்தாறு வயது. ஊசி குத்தாமலிருக்க விரலில் மாட்டும் உலோக உறையை மாட்டியிருந்தார். துக்க நாளிலும் அதைக் கழற்ற மறந்திருந்தார்.

"பதினோரு மணிக்கு எங்க சபைப் பெரிய மூப்பரைப் புதைக்கிறாங்க தம்பி. அதுக்குள்ள அவரோட சாட்சித்தாள் கிடைச்சாகணும்."

"சாட்சித்தாள்னா என்னம்மா?" என்றார் துப்பறிவாளர்.

"எங்க சபைல ஒவ்வொருத்தரும் தன் வாழ்க்கையைத் தானே எழுதி, உறையில போட்டு, முத்திரை வெச்சு, ஆலயத்து அலமாரில குடுத்துடணும். அவங்க செத்தப்புறம்தான் பிரிப்பாங்க. சவப்பெட்டியைப் பக்கத்துல வெச்சு எல்லாருக்கும் படிப்பாங்க. எங்க பொறந்தோம், என்ன பாவம் பண்ணினோம், எந்த நாள், எத்தனை மணிக்கு இரட்சிக்கப்பட்டோம், அப்புறம் என்ன பாவம் பண்ணினோம்."

"அப்புறமும் உண்டா?" என்றார் மைத்துனர்.

"முக்கால்வாசி அதுதான் தம்பி."

இருபத்தொரு ஆண்டுகளுக்கு முன் ஒரு விடியற்காலையில் ஆலயக் கதவில் ஒரு தாள் ஒட்டப்பட்டிருந்தது. அதில் சபையைக் கேலி செய்து ஏழு கேள்விகள். முதல் கேள்வியைத் தையல்காரம்மா மனப்பாடமாகச் சொன்னார்: 'மனந்திரும்பிய மணியைச் சொல்லாதவருக்குத் திருவிருந்து இல்லை என்கிறீர்களே, அப்போஸ்தலர்களிடம் கடிகாரம் இருந்ததா?' தாள், துணி வெட்டுவதற்கான பழுப்பு அளவுத்தாள். அந்தத் தெருவில் அது இருந்த கடை ஒன்றுதான்.

"ரெண்டு சாட்சி பார்த்ததா சபைக் குழு சொல்லிச்சு. யார் யாருன்னு சொல்லல. என்னை விலக்கி வெச்சாங்க. கடைசி பெஞ்சு. திருவிருந்துக் கிண்ணம் என்கிட்ட வந்ததும் திரும்பிப் போயிடும். யாரும் என்கிட்ட முதல்ல பேசக் கூடாது. என் சாட்சித்தாளை அலமாரில வாங்க மாட்டாங்க. நாளைக்கு நான் போனா ஒரு வரி படிக்க மாட்டாங்க தம்பி. ஒரு பாட்டைப் பாடி மூடிடுவாங்க."

"வேற சபைக்குப் போயிருக்கலாமேம்மா. இதே தெருவுல இன்னும் ரெண்டு இருக்கே."

"அவங்க ஆர்கன் வாசிக்கிறாங்க," என்றார் தையல்காரம்மா, அதைவிடப் பெரிய காரணம் யாருக்கு வேண்டும் என்ற முகத்தோடு.

போன புதன்கிழமை, படுக்கையில் கிடந்த பெரிய மூப்பர் அவரை அழைத்திருந்தார். மூப்பர் கடிகாரம் பழுது பார்ப்பவர், தையல்காரம்மாவுக்குப் பக்கத்துக் கடைக்காரர். பார்த்ததாகச் சொன்ன சாட்சிகளில் ஒருவர் தாமே என்றும், அது பொய் என்றும், அனைத்தையும் சாட்சித்தாளில் எழுதி மூன்று மாதத்துக்கு முன்பே கொடுத்துவிட்டதாகவும் சொன்னார். 'அதைப் படிச்சதும் உனக்குக் கிண்ணம் வரும்' என்றார். ஞாயிற்றுக்கிழமை இறந்தார். நேற்று மாலை போதகர் அலமாரியைத் திறந்தபோது உறை அங்கே இல்லை.

"இன்னொரு சாட்சி யாருன்னு சொன்னாரா?"

"கேட்டேன். 'அதை அந்த ஆளே சொல்லுவான்'னுட்டார்."

துப்பறிவாளர் எழுந்தார். மைத்துனர் முக்காலியோடு எழுந்தார். முக்காலியின் ஆணி அவருடைய காற்சட்டையை விட மறுத்தது. தையல்காரம்மா ஒரே இழுப்பில் விடுவித்து, கிழிசலைப் பார்த்து, "சாயந்தரம் குடுங்க, தெச்சுத் தர்றேன்" என்றார்.

அந்தத் தெருவின் மூன்று ஆலயங்களும் ஒரே ஆலயத்துக்குப் பிறந்தவை. ஒன்றோடொன்று பேச்சுவார்த்தை இல்லாதவை. இவர்களுடைய முன்னோர் போப்பை எதிர்த்து வெளியேறியவர்கள். அதற்கு நூறு ஆண்டுகளுக்குப்பின், எதிர்ப்பதற்குப் போப்பு கைக்கெட்டும் தூரத்தில் இல்லாமற்போகவே, பக்கத்து இருக்கைக்காரரை எதிர்க்கத் தொடங்கினார்கள். ஆர்கன் கூடுமா என்று ஒருமுறை பிரிந்தார்கள். திருவிருந்தை நின்றபடி பெறுவதா, முழந்தாளிட்டுப் பெறுவதா என்று மறுமுறை பிரிந்தார்கள். மிஞ்சியவர்கள், விசுவாசம் தலையில் இருந்தால் போதாது, நெஞ்சில் இறங்க வேண்டும் என்றார்கள். நல்ல எண்ணந்தான். ஆனால் இறங்கியதற்கு அத்தாட்சி கேட்டார்கள். அத்தாட்சி என்றால் தேதி; தேதி என்றால் மணி. இவ்வாறாக, போப்பை எதிர்த்து அந்தக் காலத்தில் ஆலயக் கதவில் ஒட்டிய ஒரு தாளின் புகழைப் பரம்பரையாகப் பாடி வந்த ஒரு சபை, கதவில் தாள் ஒட்டினார் என்பதற்காகவே ஒரு பெண்ணை விலக்கி வைத்தது. அதில் விந்தை எதுவும் இருப்பதாக அங்கே ஒருவருக்கும் தோன்றவில்லை.

ஆலயத்தின் பின்னறை சுண்ணாம்பு வெள்ளை. படம் இல்லை, சிலை இல்லை, திரைச்சீலை இல்லை. ஒரு மேசை, நான்கு நாற்காலிகள், இரண்டு பூட்டுகள் போட்ட ஓர் உயரமான அலமாரி. மேல்பூட்டின் சாவி போதகரிடம். கீழ்ப்பூட்டின் சாவி சபைச் செயலாளரிடம்.

போதகர் வந்து எட்டு மாதந்தான் ஆகியிருந்தது. பருமனானவர், ஒவ்வொரு வாக்கியத்தையும் ஆசீர்வாதம் போல முடிப்பவர். செயலாளர் அதற்கு நேரெதிர். ஐம்பத்தாறு வயது, ஒல்லி, சட்டைப் பையில் இரண்டு பேனாக்கள்: ஒன்று எழுத, ஒன்று கோடு போட. பதிவேட்டை அவர் மேசைமேல் வைத்த விதத்தில், அதன் விளிம்பும் மேசையின் விளிம்பும் ஒன்றாயின.

"அலமாரியை எப்பத் திறப்பீங்க?" என்றார் துப்பறிவாளர்.

"யாராவது உறை கொடுக்கவோ திரும்ப வாங்கவோ வந்தால், அல்லது இறந்தால் மட்டும்," என்றார் செயலாளர். பேச்சையும் எழுத்தைப் போலவே பேசினார். "இரண்டு சாவியும் வேண்டும். திறந்ததும் போதகர் ஜெபிப்பார். ஜெபத்தின்போது உறையை உள்ளே வைக்க வேண்டும். பிறகு பூட்டி, பெயரையும் தேதியையும் தாள்களின் எண்ணிக்கையையும் பதிவேட்டில் எழுதிக் கையெழுத்திட வேண்டும்."

"தாள் எண்ணிக்கை எதுக்குங்க?" என்றார் மைத்துனர்.

"எழுபது ஆண்டுகளுக்கு முன் ஓர் அடக்கத்தில், ஒரு தாளைப் படிக்காமல் விட்டுவிட்டார்கள் என்று விதவை ஒருவர் புகார் செய்தார். அன்றிலிருந்து எண்ணுகிறோம். உறையின்மேலும் எழுதுவோம். படிக்கும் நாளில் சரிபார்ப்போம்."

"அந்தத் தாள்ல என்ன இருந்துச்சாம்?"

"அது பதிவாகவில்லை."

துப்பறிவாளர் போதகரைப் பார்த்தார். "ஐயா, அந்த ஜெபத்தை ஒருதடவை பண்ணிக் காட்ட முடியுமா?"

போதகருக்கு அந்தக் கேள்வியை வாழ்க்கையில் யாரும் கேட்டதில்லை போலும், மகிழ்ந்துபோனார். கண்களை மூடினார். செயலாளரும் மூடினார். மைத்துனர் மூன்று நிமிடம் தாக்குப்பிடித்தார். ஜெபம் ஆதாம் ஏவாளிலிருந்து கிளம்பி, பிரளயம் வடிந்து, இன்னும் எகிப்துக்கே வந்து சேராத நிலையில் ஒரு கண்ணைத் திறந்து பார்த்தார். துப்பறிவாளர் இருந்த இடத்தில் இல்லை. மேசைக்குப் பின்னால் நின்று பதிவேட்டை நிதானமாகப் புரட்டிக்கொண்டிருந்தார். எட்டிப் பார்த்த மைத்துனருக்கு ஒரு பக்கத்தின் ஓரத்தில் எண்கள் தெரிந்தன: ஏழு, நான்கு, ஐந்து, ஒன்று, ஒன்று, பன்னிரண்டு. இதற்கு ஆதாம் ஏவாளே மேல் என்று கண்ணை மூடிக்கொண்டார்.

"ஆமென்," என்று போதகர் கண்ணைத் திறந்தபோது துப்பறிவாளர் பழைய இடத்தில் கைகட்டி நின்றார்.

"ஒன்பது நிமிஷம்," என்றார் துப்பறிவாளர். "எப்பவும் இவ்வளவுதானா?"

"இது சுருக்கம்," என்றார் போதகர் அடக்கத்தோடு.

வெளியே வந்ததும் மைத்துனர் அத்தானின் கையைப் பிடித்தார். "ஒன்பது நிமிஷத்துல அலமாரியையே தூக்கிட்டுப் போயிருக்கலாம் அத்தான்! ஆனா எடுத்தது யாருன்னு எனக்குத் தெரிஞ்சு போச்சு. அதோ பாருங்க."

பின்னறைச் சன்னலுக்குக் கீழே, ஒரு தகரத் தொட்டியில் காகிதச் சாம்பல் குவிந்திருந்தது. இன்னும் புதிது. மைத்துனர் குச்சியால் கிளறி, ஓரம் கருகிய ஒரு துண்டை எடுத்து வெற்றியோடு நீட்டினார். "போதகர்தான். புது ஆள், பழைய வழக்கம் பிடிக்கல. எரிச்சுட்டார். பாருங்க, பேனாவால எழுதினது. 'நம்முடைய பாவங்கள்'னு இருக்கு. வேறென்ன வேணும்?"

துப்பறிவாளர் துண்டை வாங்கிப் பார்த்தார். "அதுக்கு முன்னாடி இருக்கற சொல்லைப் படி மாப்ள."

"'மூன்றாவதாக'."

"தன் பாவத்தை எவனாவது 'மூன்றாவதாக'ன்னு எழுதுவானா? அடுத்தவன் பாவத்தைத்தான் அப்படி வரிசைப்படுத்த முடியும். இது பிரசங்கம்."

சன்னல் திறந்தது. போதகரின் முகம் வெளியே நீண்டு, அவர்கள் கையில் இருந்ததைக் கண்டு சிவந்தது. "அது... போன மாதத்துப் பிரசங்கங்கள். எரிக்காவிட்டால் மறுபடியும் அதையே சொல்லிவிடுகிறேன். தயவுசெய்து சபையாரிடம் சொல்ல வேண்டாம்."

"அவங்களுக்கு வித்தியாசம் தெரியாதுங்க ஐயா," என்று மைத்துனர் ஆறுதல் சொன்னார். சன்னல் மூடிக்கொண்டது.

பத்தடிக்க ஐந்து நிமிடம் இருந்தது. ஆலயத்தின் முன்பகுதியில் இருக்கைகள் நிரம்பத் தொடங்கியிருந்தன. கடைசி வரிசையில், தூணுக்குப் பின்னால், தையல்காரம்மா தனியாக வந்து உட்கார்ந்தார். அவருக்கு இரண்டு பக்கமும் இரண்டிரண்டு பேர் உட்காரும் அளவுக்கு இடம் காலியாக இருந்தது. உள்ளே வந்தவர்கள் அந்த இடத்தைத் தாண்டிப் போய், முன்வரிசைகளில் நெருக்கியடித்தார்கள். யாரும் முகம் சுளிக்கவில்லை. இருபத்தொரு வருடப் பழக்கம், அவ்வளவுதான்.

மைத்துனர் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அத்தான், இன்னும் ஒரு மணி நேரம்தான் இருக்கு. சீக்கிரம் எதாவது செய்யுங்க."

"இந்தச் சபைல பாவம் பண்றவன் அதை என்ன பண்ணுவான் மாப்ள?"

"எழுதி வெப்பான்."

"எங்க?"

மைத்துனர் அலமாரி இருந்த அறையை நோக்கித் திரும்பினார்.

செயலாளர் தனியாக இருந்தார். பதிவேட்டில் அன்றைய தேதிக்குக் கோடு போட்டுக்கொண்டிருந்தார். துப்பறிவாளர் எதிரே உட்கார்ந்தார். கதவைச் சாத்திவிட்டு மைத்துனர் அதில் சாய்ந்து நின்றார்.

"சார், ரெண்டு மாசத்துக்கு முன்னாடி நீங்க உங்க சாட்சித்தாளைக் கொடுத்திருக்கீங்க. நாலு தாள். அம்பத்தாறு வருஷ வாழ்க்கை, நாலே தாள். சிக்கனமான மனுஷன்னு நெனச்சேன். போன வியாழக்கிழமை அதைத் திரும்ப வாங்கிட்டு, வேற ஒண்ணு கொடுத்திருக்கீங்க. பன்னிரண்டு தாள். இந்த ரெண்டு மாசத்துல அப்படி என்ன சார் வாழ்ந்துட்டீங்க?"

"ஒருவருடைய சாட்சித்தாளைப் பற்றி வெளியாட்கள் கேட்பது முறையல்ல."

"மூப்பரோட தாள் ஏழு. உங்களோடது நாலு. கூட்டினா பதினொண்ணு. ஒரு தாள் மிச்சம். அந்த மிச்சத் தாள்ல என்ன எழுதியிருக்கீங்கன்னு எனக்குத் தெரியும். திருடின நேரத்தையும் போட்டீங்களான்னுதான் தெரியல."

செயலாளர் கோடு போடும் பேனாவை மூடினார். அதைச் சட்டைப் பையில் வைத்தார். வைத்த பிறகும் கையை எடுக்கவில்லை.

"பத்து நாற்பது," என்றார்.

மைத்துனர் கதவிலிருந்து துள்ளி நிமிர்ந்தார். "மணி போட்டிருக்காரு அத்தான்!"

"அந்தத் தாளை முந்தின இரவே எழுதி வைத்துவிட்டேன். மணிக்கு மட்டும் வெற்றிடம் விட்டிருந்தேன். ஜெபத்தின்போது மூப்பருடைய உறையை எடுத்து என் உறைக்குள் வைத்து, மணியை நிரப்பி, ஒட்டினேன்."

"அப்ப எண்ணிக்கைல நாலுன்னே எழுதியிருந்தா யாருக்குங்க தெரியும்?"

செயலாளர் நிமிர்ந்தார். அவருடைய முகத்தில் அன்று முதன்முதலாக உண்மையான அதிர்ச்சி தெரிந்தது. "பதிவேட்டில் பொய் எழுதுவதா?"

"எரிச்சிருக்கலாமே?"

"ஒரு சகோதரருடைய சாட்சியையா?"

"படிச்சாவது பார்த்தீங்களா?" என்றார் துப்பறிவாளர்.

"முத்திரையைத் தொடவில்லை. உயிரோடிருப்பவரின் தாளைப் படிப்பது பாவம். வியாழனன்று அவர் உயிரோடிருந்தார்."

மைத்துனர் இரு கைகளையும் தலைமேல் வைத்துக்கொண்டார். திருடலாம்; பிரிக்கக் கூடாது. மறைக்கலாம், எண்ணிக்கை தவறக் கூடாது. இந்த ஊர்த் திருடர்கள் எல்லோரும் இப்படி இருந்துவிட்டால் அத்தான் பிழைப்புக்கு எங்கே போவார் என்று கவலையாக இருந்தது.

"ரெண்டாவது சாட்சி நீங்கதானே?"

செயலாளரின் பேச்சிலிருந்து எழுத்துத் தமிழ் மெல்லக் கழன்று விழுந்தது. "அப்ப எனக்கு முப்பத்தஞ்சு வயசு. ரெண்டு சாட்சி இல்லாம யாரையும் விலக்கக் கூடாதுன்னு விதி. மூப்பர் பார்த்தேன்னார். அவர் சொன்னா யாரு சந்தேகப்படுவா? நானும் பார்த்தேன்னு கையெழுத்துப் போட்டேன். அந்த விடியக்காலைல நான் தூங்கிட்டிருந்தேன். அடுத்த வருஷம் என்னைச் செயலாளர் ஆக்கினாங்க, நம்பிக்கையான ஆளுன்னு. அந்தக் குழுவுல இருந்த எல்லாரும் இப்பப் போயிட்டாங்க. போன புதன்கிழமை மூப்பர் என்னையும் கூப்பிட்டு, 'நான் எழுதிட்டேன், நீயும் எழுதிடு தம்பி'ன்னார். அன்னைக்கு ராத்திரி முழுக்க யோசிச்சேன். அவர் நிம்மதியாப் போயிடுவார். படிக்கும்போது முதல் வரிசைல உக்காந்திருக்கப் போறது நான்."

"அதனால நீங்க செத்தப்புறம் ரெண்டும் சேர்ந்து வெளிய வரட்டும்னு விட்டுட்டீங்க."

"உண்மையை நான் அழிக்கலையே. ஒத்திப்போட்டேன்."

துப்பறிவாளர் காப்பீட்டு அலுவலகத்தில் தவணையைப் பற்றிப் பேசுவது போன்ற குரலில் சொன்னார்: "இந்த அலமாரியைத் திறக்க என்னால முடியாது. உங்க உறையை வாங்கிக்க உங்களுக்கு மட்டும்தான் உரிமை. நீங்க ஒத்திப்போட்ட நாள் வரும்போதும் நீங்க முதல் வரிசைக்கு முன்னாலதான் இருப்பீங்க, பெட்டிக்குள்ள. உங்களுக்கு அம்பத்தாறு. அந்த அம்மாவுக்கு அறுபத்தாறு. கணக்கு நீங்களே போட்டுக்கங்க. என்னைவிட நல்லாப் போடுவீங்க."

"செத்தப்புறம் மன்னிப்புக் கேட்டா, யாருங்க பதில் சொல்லுவாங்க?" என்றார் மைத்துனர். அவர் அதை நகைச்சுவையாகச் சொல்லவில்லை. சொன்னபிறகு அவருக்கே வியப்பாக இருந்தது.

ஆலய மணி அடிக்கத் தொடங்கியது. செயலாளர் எழுந்து, கதவைத் திறந்து, போதகரை அழைத்தார். என்னவென்று புரியாவிட்டாலும் போதகர் மேல்பூட்டைத் திறந்துவிட்டுக் கண்களை மூடினார்.

"ஐயா," என்றார் துப்பறிவாளர். "இந்தத் தடவை கண்ணைத் திறந்துட்டே பண்ணுங்க."

பதினொன்று அடித்தது. பெட்டிக்குப் பக்கத்தில் நின்று போதகர் தாள்களை எண்ணினார், ஏழு. படிக்கத் தொடங்கினார். மைத்துனரும் துப்பறிவாளரும் கடைசி வரிசையில், தையல்காரம்மாவின் இரு பக்கத்திலும் இருந்த காலியிடத்தில் உட்கார்ந்திருந்தார்கள்.

முதல் தாளில் பிறப்பு. இரண்டாம் தாளில் இளமைப் பாவங்கள். சபையார் வசதியாகச் சாய்ந்துகொண்டார்கள். மூன்றாம் தாளில் போதகரின் குரல் ஒருமுறை தடுக்கி நின்றது.

"'நாற்பது ஆண்டுகளாக, மாலை நான்கு மணி பத்து நிமிடத்துக்கு இரட்சிக்கப்பட்டேன் என்று சொல்லி வந்தேன். அது பொய். எனக்கு நேரம் தெரியாது. பொழுது புலர்வதைப் போல மெல்ல வந்தது. எந்த நொடியில் விடிந்தது என்று கடிகாரக்காரனான என்னாலேயே சொல்ல முடியவில்லை. சபை நேரம் கேட்டது. கொடுத்தேன். கொடுத்த எரிச்சலில் ஏழு கேள்விகளை எழுதி, ஒரு விடியற்காலையில் இந்தக் கதவில் நானே ஒட்டினேன்.'"

இருக்கைகள் கிறீச்சிட்டன. மைத்துனர் தையல்காரம்மாவைத் திரும்பிப் பார்த்தார். அவர் அசையவில்லை. மூப்பர் பொய்ச்சாட்சி சொன்னார் என்பதுதான் அவருக்குத் தெரியும்; ஒட்டியவரே அவர் என்பது தெரியாது.

"'தாள், பக்கத்துக் கடையிலிருந்து எடுத்தது. விசாரணை வந்தபோது பயந்து, அந்தக் கடைக்காரம்மாவைப் பார்த்ததாகச் சொன்னேன். என்னோடு கையெழுத்திட்டவர் என் சொல்லை நம்பிக் கையெழுத்திட்டார். அவர் பெயரை நான் எழுதவில்லை. எங்கும் எழுத மாட்டேன். அந்தக் குற்றமும் என்மேலேயே இருக்கட்டும். அவர் வேண்டுமானால் தாமே எழுதிக்கொள்ளட்டும்.'"

மைத்துனர் அத்தானின் காதருகே குனிந்தார். "பேரே இல்லையே! ஏழு தாள்லயும் இவர் பேர் இல்ல. திருடாம விட்டிருந்தா மனுஷன் தப்பிச்சிருப்பாரு!"

"ஆமா. பிரிச்சுப் படிச்சிருந்தாலும் தப்பிச்சிருப்பார். ஒழுக்கம்தான் அவரைக் கெடுத்துச்சு."

"இப்பவும் வாயை மூடிட்டிருந்தா, ரெண்டாவது சாட்சி இவர்தான்னு நம்ம மூணு பேரைத் தவிர யாருக்கும் தெரியாது."

முதல் வரிசையில் ஓர் ஒல்லியான முதுகு எழுந்தது. செயலாளர் சபையை நோக்கித் திரும்பினார். கையில் ஒரே ஒரு தாள். அதை மூக்குக் கண்ணாடிக்கு அருகில் கொண்டுபோய், வியாழக்கிழமை பத்து மணி நாற்பது நிமிடத்திலிருந்து தொடங்கி, ஒரு சொல் விடாமல் படித்தார். இருபத்தொரு ஆண்டுக்கு முந்தைய விடியற்காலைத் தூக்கத்தையும் படித்தார். முடித்ததும் தாளை மடித்து, கடைசி வரிசைவரை நடந்து வந்தார்.

"அக்கா," என்றார். அதற்குமேல் அவரிடம் எழுதி வைத்தது எதுவும் இல்லை.

தையல்காரம்மா அவரை நெடுநேரம் பார்த்தார். பிறகு, பக்கத்தில் இருந்த மைத்துனரைக் கொஞ்சம் நகரச் சொல்லி, "உக்காரு" என்றார். செயலாளர் கடைசி வரிசையில் உட்கார்ந்தார்.

முன்னால் போதகர் கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டு, இரக்கம் ததும்பப் பேசினார். நம் சகோதரி நிரபராதி என்பது இன்று வெளிச்சமாயிற்று; அதில் ஐயமில்லை. ஆனால் விலக்கு என்பது குழுவின் தீர்மானம். நீக்குவதற்கும் தீர்மானம் வேண்டும். குழு அடுத்த காலாண்டில் கூடும். அதற்குள் சகோதரி தம் சாட்சித்தாளை எழுதிக் கொடுத்தால், தகுந்த காலத்தில், அதாவது அவருடைய காலத்துக்குப் பிறகு, அதைச் சபையார் முன் படிக்க எந்தத் தடையும் இருக்காது.

தையல்காரம்மா எழுந்து நின்றார். நடைபாதை வழியே முன்னால் போனார். வேகமாக அல்ல, மூட்டு வலி இருந்தது. வரிசைகள் ஒவ்வொன்றாகத் திரும்பின. பெட்டிக்கு அருகே நின்று, போதகர் நின்ற இடத்தில் தாம் நிற்க வேண்டும் என்பதைக் கையாலேயே காட்டினார். போதகர் ஒதுங்கினார்.

"நான் செத்தப்புறம் நீங்க படிக்க வேண்டாங்க ஐயா," என்றார். "இருக்கும்போதே சொல்லிடறேன். எத்தனை மணிக்குன்னு எனக்கும் தெரியாது. அதை முதல்ல சொல்லிக்கறேன். மத்தது இருபத்தோரு வருஷத்து விஷயம். கொஞ்சம் நேரமாகும்."

போதகர் இன்னும் நின்றுகொண்டிருந்தார்.

"நீங்களும் உக்காருங்க."

அவர் உட்கார்ந்தார்.